சுவருக்குள் ஒரு பழைய போன்

வந்தவாசியில் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பு பழைய ஒயரிங்கை மாற்ற ஒரு எலக்ட்ரீஷியன் தம்பி வந்திருந்தார். கூடத்தில், காலண்டர் ஆணிக்கு இரண்டு முழம் கீழே, பழுப்பேறிய சின்னப் பெட்டி ஒன்று. ஸ்க்ரூடிரைவர் பிடியால் அதைத் தட்டிவிட்டு, "இது எதுக்குண்ணா? புடுங்கிப் போட்டுடவா?" என்றார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. அதில் மாட்டியிருந்த போனின் மணிச் சத்தத்தை அவர் கேட்டதே இல்லை.

"இருப்பா" என்று சொல்லிவிட்டேன். ஏன் இருக்கவேண்டும் என்று எனக்கே அப்போது தெரியாது. பிறகு விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். ஆரணி, செய்யாறு, போளூர் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் பலருக்கு இதே கேள்வி வரும். செகண்ட்ஹேண்ட் கார் வாங்குகிறவருக்கும் இது உதவும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

லைன்மேன்கள் அந்தப் பெட்டியை ரோசெட் என்பார்கள். திறந்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. இரண்டு திருகு, இரண்டு செப்புக் கம்பி. எக்ஸ்சேஞ்சிலிருந்து மண்ணுக்கடியில் தடித்த கேபிளாகக் கிளம்பும் கம்பி ஜோடிகளில் ஒன்று, தெருவிலுள்ள டி.பி. என்ற பகிர்வுப் பெட்டியில் பிரிந்து, கூரை விளிம்பைத் தொட்டு, ஜன்னலோரத் துளை வழியே உள்ளே வந்து இந்தத் திருகில் முடியும். வந்தவாசிக்கு எஸ்.டி.டி. குறியீடு 04183, அதன்பின் ஆறு இலக்கம். அந்த ஆறு இலக்கத்துக்குப் பின்னால் இருந்தது இந்த ஒரு ஜோடிக் கம்பிதான்.

மின்வெட்டிலும் லேண்ட்லைன் பேசியது பலருக்கு நினைவிருக்கும். 2012-ல் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் போனபோதும் ரிசீவரைத் தூக்கினால் டயல் டோன் வந்தது. போனுக்கு வேண்டிய மின்சாரம் நம் வீட்டு மீட்டரிலிருந்து வரவில்லை. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கிய 2 வோல்ட் பேட்டரிகள், மொத்தம் 24, சேர்ந்து 48 வோல்ட். அது அந்தச் செப்புக் கம்பியிலேயே ஓடி வந்து நம் வீட்டுப் போனுக்கு உயிர் கொடுத்தது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்தப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் மண்ணோடு இணைத்திருப்பார்கள். லைனில் வருவது மைனஸ் 48 வோல்ட். கேபிளில் ஈரம் இறங்கும்போது பாசிட்டிவாக இருக்கும் செம்பு கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக் கரையும். நெகட்டிவாக இருந்தால் தாக்குப்பிடிக்கும். மழைக்கும் ஏரித் தண்ணீருக்கும் நடுவில் இந்தக் கம்பிகள் இத்தனை வருஷம் கிடந்ததற்கு இந்தத் தலைகீழ் இணைப்பும் ஒரு காரணம்.

மணி அடிக்க 48 வோல்ட் போதாது. அழைப்பு வரும்போது மட்டும் சுமார் 75 வோல்ட் ஏ.சி. மின்சாரம் தனியாக வரும். ஒயரைப் பல்லால் சீவிக்கொண்டிருந்தபோது சரியாக யாரோ கூப்பிட்டு, சுளீரென்று வாங்கிய பழைய லைன்மேன் யாரையாவது தெரிந்தால் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்.

சுழற்றும் டயல் போன் எண்ணைச் சொல்லும் விதம் அதைவிட எளிது. விரலை விட்டுச் சுழற்றி விட்டால், திரும்பி வரும்போது அது லைனை வெட்டி வெட்டிச் சேர்க்கும். ஐந்து என்றால் ஐந்து வெட்டு, சைபர் என்றால் பத்து. எக்ஸ்சேஞ்ச் அதை எண்ணிக்கொள்ளும். பிறகு வந்த பட்டன் போனில் ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு சுரங்கள் சேர்ந்த ஒலி.

இந்தச் சின்னப் பெட்டி வீட்டுக்கு வருவதற்கு ஒரு காலத்தில் மனுப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். விசிட்டிங் கார்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சடித்திருந்தால், அது எதிர் வீட்டு எண் என்று அர்த்தம். அவர்கள் வந்து கூப்பிடுவார்கள். 1984-ல் மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் தொடங்கி, நம் வெயிலுக்கும் தூசிக்கும் ஏற்ற சிறிய எக்ஸ்சேஞ்சுகளைச் செய்த பிறகுதான் கிராமப்புறத்துக்கு லைன் வேகமாக வந்தது. அந்த வகையில் முதலாவது 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது, 128 லைன் கொண்டது. மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துகளும், இரவு ஏறினால் கட்டணம் கால் பங்காகும் என்று காத்து நின்ற வரிசையும் அதற்குப் பின்னால் வந்தவை.

ஆரணிப் பட்டுக்கும் இந்தக் கம்பிக்கும் உறவுண்டு. பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ கடைக்காரர் போனில் கலர் சொன்னால், இங்கே பாவுக்குப் போடும் சாயம் மாறும். தறிச் சத்தத்தில் மணி கேட்காதென்று கூடத்தில் ஒன்று, தறி ஓடும் அறையில் ஒன்று என ஒரே லைனில் இரண்டு போன் மாட்டிய வீடுகள் உண்டு. இரண்டும் சேர்ந்தே அடிக்கும், ஒன்றில் பேசுவது இன்னொன்றில் கேட்கும். முதலாளி கூலியைப் பற்றிப் பேசுவதை மெல்ல ரிசீவரைத் தூக்கிக் கேட்ட கதைகளை எழுதினால் தனிப் புத்தகமாகும். இப்படி ஒரே லைனில் இரண்டு போன் மாட்டியதால்தான் பழைய நெசவாளர் வீடுகளில் எதிர்பாராத சுவரிலெல்லாம் ரோசெட் முளைத்திருக்கும்.

சுவரில் பதித்தவர்கள் நாம் என்றால், வண்டியிலேயே பதித்தவர்கள் அமெரிக்கர்கள். கேரவன் என்றதும் நமக்கு ஷூட்டிங் ஞாபகம் வரும். அங்கே அது ஓய்வு பெற்ற தம்பதிகள் ஊர் ஊராகப் போய்த் தங்கும் சக்கர வீடு. 1980, 90-களில் வந்த பல வண்டிகளின் வெளிப்பக்கத்தில், கரன்ட் இணைப்புக்குப் பக்கத்தில், மூடி போட்ட ஒரு போன் சாக்கெட் இருக்கும். வண்டியை நிறுத்தும் பூங்காவில் கம்பத்திலிருந்து ஒரு ஒயரை இழுத்துச் செருகினால், உள்ளே படுக்கைக்குப் பக்கத்தில் போன் வேலை செய்யும். டிவி அலமாரியிலும் ஒரு சாக்கெட் இருக்கும். இன்று அந்த வண்டியை வாங்குகிறவர்களுக்கு அது எதற்கென்று புரிவதில்லை. சாட்டிலைட் டிவி பெட்டி அந்தக் கம்பி வழியே கம்பெனிக்குப் போன் போட்டு, இந்த வீட்டில் எந்தப் படத்தைக் காசு கொடுத்துப் பார்த்தார்கள் என்று கணக்குச் சொல்லும், அதற்காகப் போட்டது. இன்று அந்தச் சாக்கெட்டுகளால் எந்தப் பயனும் இல்லை. மூடி உடைந்திருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்க ஒரு வழி, அவ்வளவுதான்.

ஓடும் வண்டியில் பேசும் போன் அதைவிடப் பழையது. 1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அந்தச் சேவை தொடங்கியபோது, காரில் பதித்த கருவியின் எடை சுமார் 36 கிலோ. ஒரு ஆளையே டிக்கியில் ஏற்றிய மாதிரி. 1983-ல் சிகாகோவில் அனலாக் செல்லுலார் சேவை வந்தது. கையில் பிடிக்கும் போன் 0.6 வாட் சக்தியில் பேச, காரில் பதித்த பெட்டி 3 வாட்டில் பேசியது. அதனால் தொலைதூரச் சாலைகளில் பதித்த போனுக்குத்தான் மதிப்பு. 2008 பிப்ரவரி 18-க்குப் பிறகு அனலாக் சேவையைக் கம்பெனிகள் நடத்தவேண்டிய கட்டாயம் இல்லை என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் விலக்கியதும் கதை முடிந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இருந்த ஆன்ஸ்டார் அவசர உதவிப் பொத்தான், அனலாக் மட்டுமே தெரிந்த பழைய வண்டிகளில் வெறும் பொத்தானாகிவிட்டது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, வண்டி ஓடியது. பதித்த போன் மட்டும் செத்தது.

அது அமெரிக்கக் கதை என்று தள்ளிவிட முடியாது. 1995 ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு பேசப்பட்டபோதே நாம் டிஜிட்டலில் தொடங்கிவிட்டோம், அனலாக் தொல்லை நமக்கு இல்லை. ஆனால் வேறு விதத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தோம். மேசைமேல் வைக்கும், ஆன்டெனா முளைத்த ஒயர் இல்லாத போன் ஞாபகம் இருக்கிறதா? டாடா இண்டிகாம் வாக்கி ஒன்று, பி.எஸ்.என்.எல். கிராமங்களுக்குக் கொடுத்த டபிள்யூ.எல்.எல். இன்னொன்று. இரண்டும் சி.டி.எம்.ஏ. என்ற தொழில்நுட்பம். அந்தச் சேவைகள் மூடப்பட்ட பிறகு கருவிகள் பரணுக்குப் போய்விட்டன. வேறு சிம் போட்டாலும் அவை பேசாது.

கார் வாங்குகிறவர்கள் கவனிக்கவேண்டியது இங்கேதான் வருகிறது. இப்போதைய பல கார்களில் ஒரு சிம்மைக் கம்பெனியே உள்ளே பதித்து அனுப்புகிறது. விபத்தானால் தானாகத் தகவல் சொல்லும், செல்போனிலிருந்து ஏசி போடலாம் என்கிறார்கள். பஸ், டாக்ஸி போன்ற பொதுப் பயணிகள் வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் வேண்டும் என்ற ஏ.ஐ.எஸ். 140 விதி 2019 முதல் புது வண்டிகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. அதற்குள்ளும் சிம் உண்டு. இதற்கிடையே ஏர்டெல் 2019-ல் தொடங்கி 3ஜியை மூடியது. ஜியோ 2016-ல் வந்தபோதே 4ஜியில் மட்டும்தான் வந்தது. 3ஜி காலத்துப் பெட்டிகளில் சில 2ஜிக்கு இறங்கித் தவழும். இறங்கத் தெரியாதவை ஊமையாகும். கார் பதினைந்து வருஷம் ஓடும். அதிலுள்ள சிம்முக்கு அந்த ஆயுள் இருக்கும் என்று நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பழைய கார் பார்க்கும்போது அந்த வசதி இன்றைக்கு வேலை செய்கிறதா, சந்தா எதுவரை இருக்கிறது என்று கேளுங்கள். முந்தைய உரிமையாளரின் கணக்கை அவரை வைத்தே நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வண்டி உங்களுடையது, அது எங்கே நிற்கிறது என்ற தகவல் அவருடைய போனில்.

சரி, வீட்டுக்கு வருவோம். கழற்றுமுன் ஏதாவது ஒரு பழைய போனைச் செருகி டயல் டோன் வருகிறதா பாருங்கள். வந்தால் லைன் உயிரோடு இருக்கிறது, வெட்டுவதற்கு முன்னால் தொலைபேசி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து முறையாக ரத்து செய்யவேண்டும். கட்டிய டெபாசிட் திரும்ப வரும்; பழைய டிமாண்ட் நோட்டோ கடைசி பில்லோ பீரோவில் எங்காவது இருக்கும், தேடி எடுத்துப் போங்கள். லைனை வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் ஒரு சைபர் சேர்க்கவேண்டும். இது தெரியாமல், போன் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

ஃபைபர் இணைப்புக்கு மாறினாலும் பழைய பட்டன் போனைத் தூக்கிப் போடவேண்டாம். புதுப் பெட்டியின் பின்னால் போன் சாக்கெட் இருந்தால் அதில் செருகிப் பேசலாம். சுழற்றும் டயல் போனின் வெட்டுகளைப் பல பெட்டிகள் புரிந்துகொள்வதில்லை. பேச்சு வரும், டயல் போகாது. இன்னொன்று, கண்ணாடி இழையில் வெளிச்சம் வரும், மின்சாரம் வராது. கரன்ட் போனால் போனும் போகும். பெட்டிக்குச் சிறியதாக ஒரு யு.பி.எஸ். வாங்கி வையுங்கள். செம்பு இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலைக்கு இப்போது நாம் பேட்டரி வாங்குகிறோம்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். சும்மா கிடக்கிறதே என்று அந்த டெலிபோன் ஒயரில் வாசல் பல்பையோ ஃபேனையோ இணைத்துவிடாதீர்கள். அது அரை மில்லிமீட்டர் கம்பி. அதன் உறை 230 வோல்ட்டுக்காகச் செய்ததல்ல. சூடேறி உருகினால் சுவருக்குள்ளேயே தீப்பிடிக்கும். இன்றைய வேகமான இன்டர்நெட்டுக்கும் அது உதவாது. ஒயரைவிட அது போகும் குழாய்தான் சொத்து. கருவி மாறும், சிம் மாறும், செம்பு போய்க் கண்ணாடி வரும். சுவருக்குள் ஒரு வழி இருந்தால் எதையும் மாற்றிக்கொள்ளலாம். எந்தக் கருவியையும் சுவரோடு சேர்த்துப் பூசாதீர்கள், குழாயைப் பதியுங்கள்.

எங்கள் தம்பி கடைசியில் அதைத்தான் செய்தார். பெட்டியைக் கழற்றி, பழைய ஒயரின் முனையில் ஃபைபர் கேபிளைக் கட்டி, மறுமுனையிலிருந்து மெல்ல இழுத்தார். முடியும் பாவின் இழைகளில் புதிய பாவைப் பிணைத்து, அச்சும் விழுதும் தாண்டி இழுப்பார்களே, அதே வேலை. பழையது வெளியே வரவர, அதன் பின்னாலேயே புதியது உள்ளே போனது. கேபிள் போகாத இன்னொரு குழாயில் ஒரு நைலான் கயிற்றை மட்டும் விட்டு, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு மூடிவிட்டார். நீங்களும் பூச்சு வேலைக்காரர் வருவதற்கு முன் அந்தக் கயிற்றை விட்டுவிடுங்கள்.