வெயிலைப் பற்றி யார் சொல்வதை நம்புவது?

நிகழ்ச்சியில் வெயிலைப் பற்றிப் பேச்செடுத்தாலே போதும், நேயர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுவார்கள். “உலகம் அழியப் போகிறது” என்று ஒருவர் குரல்பதிவு அனுப்புவார். “அந்தக் காலத்திலும் வெயில் அடித்ததுதானே, தம்பி?” என்று அடுத்தவர் கேட்பார். இருவருமே வாட்ஸ்அப்பில் வந்த காணொளியைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள்.

நான் படித்தது ஊடகத்துறை. உங்களில் பலரும் என்னைப் போல அறிவியல் துறைக்கு வெளியே இருப்பவர்கள்தான். நம்மைப் போன்றவர்கள் பருவநிலை மாற்றம் குறித்து நடுநிலையான கருத்துக்கு வருவது எப்படி? நான் கடைப்பிடிக்கும் சில வழிகளைப் பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு நாளா, பல ஆண்டுகளா?

2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி செல்சியஸ் பதிவானது. 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்சமும் அதே 37தான். “40 ஆண்டுகளில் ஒன்றுமே மாறவில்லையே” என்று இதை வைத்து வாதாடலாம். ஆனால், ஒரு நாள் வெயில் என்பது வானிலை. பல பத்தாண்டுகளின் சராசரிதான் பருவநிலை. உலக வானிலை அமைப்பின் 2024 வரையிலான கணக்குப்படி, அதுவரை பதிவானவற்றிலேயே மிக வெப்பமான பத்து ஆண்டுகள் 2015 முதல் 2024 வரையிலானவையாக இருந்தன. ஒரே ஒரு தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்துப் பிள்ளையை எடைபோடுவோமா?

சந்தேகப்பட்டவர் என்ன செய்தார்?

அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் முல்லர், வெப்பநிலைப் பதிவுகளின் தரத்தைச் சந்தேகித்தவர். நகரங்களின் கான்கிரீட் சூடுதான் கணக்கை உயர்த்திக் காட்டுகிறதோ என்பது அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. ‘பெர்க்லி எர்த்’ என்ற குழுவை அமைத்து, பழைய பதிவுகளைத் திரட்டி, முதலிலிருந்து கணக்கிட்டார். அந்த ஆய்வுக்கு நிதி அளித்தவர்களில் எண்ணெய்த் தொழிலதிபர் சார்ல்ஸ் கோக்கின் அறநிறுவனமும் உண்டு. 2012இல் முல்லர் வெளியிட்ட முடிவு: வெப்பம் உயர்வது உண்மை, அதற்கு ஏறக்குறைய முழுக் காரணமும் மனிதர்களே. சந்தேகப்படுவதில் தவறில்லை. சந்தேகத்தைச் சோதித்துப் பார்த்தார்களா என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

தவற்றைத் திருத்துகிறார்களா?

இமயமலைப் பனிப்பாறைகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஐநாவின் பருவநிலைக் குழு 2007 அறிக்கையில் எழுதியது. அதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று 2010இல் அக்குழுவே ஒப்புக்கொண்டது. பூமி வெப்பமடைகிறது என்ற முடிவு அந்த ஒரு வரியை நம்பி இருக்கவில்லை. பகிரங்கமாகத் திருத்திக்கொள்பவர்கள்மீது எனக்கு நம்பிக்கை கூடுகிறது. நமக்கு வரும் காணொளிகளில் எத்தனை பேர் இப்படித் திருத்தம் வெளியிடுகிறார்கள்?

எதில் விவாதிக்கலாம்?

வெப்பம் உயர்கிறதா, ஏன் உயர்கிறது என்பவை அளந்து பார்த்து விடை காணும் கேள்விகள். என்ன செய்வது, யார் செலவழிப்பது என்பவை நாம் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியவை. சிங்கப்பூரின் கரிம வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளி. 2024இல் அது 25 வெள்ளியானது. 2026க்கு 45 வெள்ளி என்று அறிவிக்கப்பட்டது. பெரிய நிறுவனங்கள் செலுத்தும் வரி என்றாலும், நம் மின்கட்டணத்திலும் அதன் சாயல் தெரியும். கடலோரப் பாதுகாப்புக்கு நீண்டகாலத்தில் 100 பில்லியன் வெள்ளி தேவைப்படலாம் என்று 2019 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் கூறினார். நம் கடல்மட்டம் 2100க்குள் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்கிறது 2024இல் வெளியான தேசிய ஆய்வு. இன்று பாலர் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அப்போது தாத்தா பாட்டி ஆகியிருப்பார்கள்.

வரி போதுமா, அதிகமா? செலவை இந்தத் தலைமுறை ஏற்பதா, அடுத்ததற்கு விடுவதா? இதில் அப்பாவும் மகளும் மாறுபட்டுப் பேசலாம், பேசவும் வேண்டும்.

அடுத்த முறை குடும்பக் குழுவில் ஒரு காணொளி வந்தால், பகிர்வதற்கு முன் மூன்று கேள்விகள்: எத்தனை ஆண்டுக் கணக்கு இது? யார் சரிபார்த்தார்கள்? தவறென்று தெரிந்தால் திருத்துவார்களா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அந்தக் காணொளி உங்கள் கைப்பேசியோடு நிற்கட்டும்.