பெயரும் பதிவும்: முகவரி ஒத்திசைவு மென்பொருள்களில் தமிழ்ப் பெயரமைப்பு

1. முன்னுரை

ஒருவர் தம் கணினியிலும் கைப்பேசியிலும் வைத்திருக்கும் முகவரிப் பட்டியலும் நாட்குறிப்பும் தம்முள் வேறுபடாதவாறு காக்கும் மென்பொருள் ஒத்திசைவு மென்பொருள் எனப்படும். ஒன்றில் சேர்த்ததை மற்றொன்றில் சேர்ப்பதும், ஒன்றில் நீக்கியதை மற்றொன்றில் நீக்குவதும், இரண்டிலும் திருத்தம் நிகழ்ந்திருப்பின் எத்திருத்தம் நிலைக்க வேண்டும் எனத் தீர்மானிப்பதும் இதன் பணிகள். இவை பொறியியல் சார்ந்தவையாக மட்டுமே தோன்றும். ஆயினும் இவற்றின் அடியில் மொழியியல் வினாக்கள் சில உள்ளன. ஒரு மனிதப் பெயரின் உறுப்புகள் யாவை? வேறு வேறாக எழுதப்பட்ட இரு பெயர்கள் எப்போது ஒரே பெயராகும்? ஒத்திசைவு மென்பொருள் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் இவ்வினாக்களுக்குத் தானே விடை கூறிக்கொள்கிறது. அவ்விடை தமிழ்ப் பெயரமைப்பிற்கு எந்த அளவு பொருந்துகிறது என்பதையும், பொருந்தாத இடங்களில் மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஒத்திசைவு நிகழும் முறை

1996-இல் வெளிவந்த பாம் பைலட் என்னும் கையடக்கக் கருவி, ஒரு தாங்கியில் பொருத்தி ஒரு பொத்தானை அழுத்திய அளவில் கணினியோடு தன் பதிவுகளை ஒப்பிட்டுக்கொண்டது. அப்போது ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி முறையைக் கையாண்டது. இந்நிலையை மாற்ற எரிக்சன், ஐபிஎம், லோட்டஸ், மோட்டரோலா, நோக்கியா, பாம், சையான், ஸ்டார்ஃபிஷ் ஆகிய நிறுவனங்கள் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒன்றுகூடிச் சிங்க்எம்எல் என்னும் பொதுநெறியைத் தொடங்கின. 2002-இல் அப்பணி திறந்த கைப்பேசிக் கூட்டமைப்போடு இணைந்தது. பின்னர் இணையவழிச் சேவையகங்கள் பெருகியபோது நாட்குறிப்புக்குக் கேல்டேவ் (2007), முகவரிக்குக் கார்ட்டேவ் (2011) ஆகிய நெறிகள் வந்தன.

நெறிகள் மாறினும் அடிப்படை ஒன்றே. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. இறுதியாக ஒத்திசைந்த நிலையைக் காட்டும் குறி ஒன்று இருபுறமும் காக்கப்படுகிறது. இருபுறக் குறிகளும் பொருந்தின், அதன்பின் மாறிய பதிவுகள் மட்டும் பரிமாறப்படும். பொருந்தாவிடின், அதாவது கைப்பேசி புதிதாக இருப்பினோ அதன் நினைவகம் அழிந்திருப்பினோ, எல்லாப் பதிவுகளும் கூறு கூறாக ஒப்பிடப்படும். அப்போது அடையாள எண் உதவாது. பெயரும் தொலைபேசி எண்ணுமே உதவும். ஒரு பெயர் மற்றொன்றோடு ஒத்தது எனக் கொண்டால் இரு பதிவுகள் ஒன்றாகும்; ஒவ்வாதது எனக் கொண்டால் ஒரே மனிதர் இருவராவார். மொழியின் இயல்பு கணிப்பின் போக்கைத் தீர்மானிக்கும் இடம் இதுவே.

3. பெயரின் உறுப்புகள்

3.1 ஐந்து அறைகள்

முகவரிப் பதிவுகள் பெரும்பாலும் வீகார்டு என்னும் வடிவில் பரிமாறப்படுகின்றன. ஆப்பிள், ஏடி அண்டு டி, ஐபிஎம், சீமென்ஸ் ஆகியவை சேர்ந்த வெர்சிட் என்னும் குழு இவ்வடிவை வகுத்தது. இதில் பெயர் இரு வகையில் இடம்பெறும். ஒன்று பகுக்கப்பட்ட பெயர்; மற்றொன்று முழுப்பெயர். பகுக்கப்பட்ட பெயருக்கு ஐந்து அறைகள் உள்ளன:

(1) குடும்பப் பெயர்
(2) இட்ட பெயர்
(3) கூடுதல் பெயர்
(4) முன்னொட்டு (முனைவர், திரு போன்றவை)
(5) பின்னொட்டு

இவ்வரிசையில் குடும்பப் பெயர் முதலில் நிற்பது தற்செயலன்று. குடும்பப் பெயரால் அகரவரிசைப்படுத்தும் மேலைநாட்டு அலுவலக வழக்கே இப்பகுப்பிற்கு அடிப்படை. அவ்வழக்கு மேலைநாடுகள் அனைத்திற்கும் பொதுவானதுமன்று. ஐஸ்லாந்தில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை அல்லது தாயின் பெயரோடு மகன், மகள் என்னும் பொருள்தரும் ஈறு சேர்ந்து வரும். அந்நாட்டுத் தொலைபேசி ஏடும் இட்ட பெயராலேயே வரிசைப்படுத்தப்பட்டது.

3.2 தமிழ்ப் பெயர்கள்

தமிழ்ப் பெயர்களில் பெருவழக்காக உள்ள அமைப்பு தலைப்பெழுத்தும் இயற்பெயரும் சேர்ந்ததாகும். தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தை பெயரின் முதலெழுத்து. சிலர்க்கு ஊர்ப்பெயரும் சேரும். மொழியியலறிஞர் தெ. பொ. மீனாட்சிசுந்தரம் பெயரைச் சான்றாகக் கொள்ளலாம். 'தெ.' என்பது தென்பட்டினம் என்னும் ஊரையும், 'பொ.' என்பது பொன்னுசாமி என்னும் தந்தை பெயரையும் குறிக்கும். மேற்கண்ட ஐந்து அறைகளுள் ஊருக்கென ஓர் அறை இல்லை, தந்தைக்கும் இல்லை.

பெயரை ஒரே கட்டத்தில் ஏற்றுப் பின் தானே பகுக்கும் மென்பொருள்கள் பொதுவாக இடைவெளியைக் கொண்டே பகுக்கின்றன. இறுதிச் சொல் குடும்பப் பெயர் என்றும், முதற்சொல் இட்ட பெயர் என்றும், இடைப்பட்டது கூடுதல் பெயர் என்றும் கொள்ளப்படும். அதன் விளைவுகள் பின்வருமாறு அமையும்:

(அ) 'தெ. பொ. மீனாட்சிசுந்தரம்' என இடைவெளியிட்டு எழுதினால் குடும்பப் பெயர் 'மீனாட்சிசுந்தரம்'. இட்ட பெயர் 'தெ.'.

(ஆ) 'தெ.பொ.மீனாட்சிசுந்தரம்' என இடைவெளியின்றி எழுதினால் முழுவதும் ஒரே சொல். இட்ட பெயரின் அறையில் முழுவதும் சென்று சேரும்.

(இ) 'எழிலன் முருகன்' எனத் தந்தை பெயரைப் பின்னே விரித்து எழுதினால் குடும்பப் பெயர் 'முருகன்'.

(அ)-வில் வரிசை முறை தற்செயலாகச் சரியாக அமைகிறது. பெயர் 'மீ' என்னும் எழுத்தின்கீழ் வரும். ஆனால் இட்ட பெயரைக் கொண்டு விளிக்கும் கடிதம் 'அன்புள்ள தெ.' எனத் தொடங்கும். (ஆ)-வில் அதே மனிதர் 'தெ' என்னும் எழுத்தின்கீழ்ச் செல்கிறார். ஓர் இடைவெளி இருப்பதும் இல்லாமையும் தமிழ் எழுத்து வழக்கில் பொருள் வேறுபாடு தருவதில்லை. மென்பொருளுக்கோ அது வேறொரு மனிதர். (இ)-யில் மகன் தந்தையின் பெயரில் வரிசைப்படுகிறார். தந்தையோ தம் தந்தையின் பெயரில்.

3.3 ஒத்திசைவால் பரவும் பிழை

ஒரே கருவியில் நிகழும் தவறான பகுப்பைக் கண்டவர் திருத்திவிடலாம். ஒத்திசைவு அதனை எளிதில் திருந்தாததாக்குகிறது. பெயருக்கு ஒரே கட்டம் கொண்ட கைப்பேசியும், இரு கட்டங்கள் கொண்ட கணினி நிரலும் ஒத்திசையும்போது, கணினியில் சரியாகப் பிரித்து வைத்த பெயர் கைப்பேசியில் ஒன்றாகச் சேர்கிறது. கைப்பேசியில் அப்பதிவின் தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றினாலும் முழுப்பதிவும் மாறியதாகக் கொள்ளப்படலாம். அவ்வாறாயின் மீண்டும் கணினிக்குச் செல்லும் பெயர் இடைவெளியைக் கொண்டு புதிதாகப் பகுக்கப்பட்டுப் பழைய சரியான பகுப்பின்மேல் எழுதப்படும். கட்டத்தின் நீளம் குறைந்த கைப்பேசிகளில் வெட்டுண்ட பெயரும் இவ்வாறே கணினியில் உள்ள முழுப்பெயரை அழித்துவிடும். பிந்திய திருத்தமே செம்மையான திருத்தம் என்னும் கருதுகோளே இதற்குக் காரணம். சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் எவரும் இறுதியாகப் படியெடுத்த சுவடியே சிறந்த பாடம் எனக் கொள்வதில்லை என்பது இங்கு ஒப்பிட்டு எண்ணத்தக்கது.

3.4 வடிவில் நேர்ந்த மாற்றம்

வீகார்டின் பதிப்புகளை ஒப்பிட்டால் பெயர் பற்றிய பார்வை படிப்படியாக மாறியது புலனாகும். 1996-இல் வந்த 2.1 பதிப்பில் பகுக்கப்பட்ட பெயர் கட்டாயம், முழுப்பெயர் விருப்பம். 1998-இல் வந்த 3.0 பதிப்பில் இரண்டும் கட்டாயம். 2011-இல் வந்த 4.0 பதிப்பில் முழுப்பெயர் கட்டாயம்; பகுக்கப்பட்ட பெயர் விருப்பம். பதினைந்து ஆண்டுகளில் நெறி தலைகீழாக மாறியுள்ளது. உறுப்புகள் சேர்ந்து பெயராகின்றன என்னும் கொள்கை, பெயர் முழுமையானது, உறுப்பாகப் பகுத்தல் அதன்மேல் செய்யும் ஆய்வு என்னும் கொள்கைக்கு இடம் தந்தது எனலாம். 2024-இல் வந்த விரிவாக்கம் இரண்டாம் குடும்பப் பெயருக்கும் தலைமுறைக் குறிப்புக்கும் தனி அறைகள் சேர்த்தது. தந்தை பெயரின் தலைப்பெழுத்துக்கு அதிலும் தனி அறை இல்லை. மேலும், கார்ட்டேவ் நெறி 3.0 பதிப்பை ஏற்பதையே சேவையகங்களுக்குக் கட்டாயமாக்கியிருப்பதால், பகுப்பைக் கட்டாயமாக்கும் பழைய வடிவம் வழக்கில் நீடிக்கிறது.

4. எழுத்தும் ஒப்புமையும்

பெயரின் உறுப்புகள் ஒத்தாலும் எழுத்துக் குறியீடுகள் ஒவ்வாமற் போகலாம். யூனிக்கோடு முறையில் 'கொற்றவை' என்னும் பெயரின் முதலெழுத்தை இருவகையில் குறிக்க முடியும். ஒகரக் குறிக்கென உள்ள ஒரே குறியீட்டை இடுவது ஒரு முறை. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே இடுவது மற்றொரு முறை. திரையில் இரண்டும் ஒன்றே. இவை சமமானவை என யூனிக்கோடு நெறியும் வரையறுத்துள்ளது. ஆயினும் ஒப்பிடுமுன் இவற்றை ஒரே வடிவுக்குக் கொணராத மென்பொருள் கொற்றவையை இருமுறை பதிவு செய்யும்.

இதனினும் கடினமானது 'ஸ்ரீ'. தொடக்கத்தில் இது ஸகரத்தை முதலாகக் கொண்டு குறிக்கப்பட்டது. 2005-இல் ஶகரம் யூனிக்கோட்டில் சேர்ந்தபின் அதனை முதலாகக் கொண்டு குறிப்பதும் வந்தது. இவ்விரண்டும் சமமானவை என நெறி கூறவில்லை. எனவே 'ஸ்ரீதர்' என்னும் பெயர் கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு இரண்டாகவும் நிலைக்கும். 'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமும் இட்டு 'ஒளவை' எனத் தட்டச்சு செய்வதும் பரவலாகக் காணப்படும் பிழை.

பைட்டுகளின் அளவும் தமிழைத் தனியே பாதிக்கிறது. ஐகேலண்டர் வடிவிலும் வீகார்டு 4.0 பதிப்பிலும் ஒரு வரி 75 பைட்டுகளைக் கடந்தால் மடிக்கப்பட வேண்டும். யூனிக்கோட்டின் யூடிஎஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டுகள் தேவை. எனவே ஒரு வரியில் 25 குறியீடுகளுக்கு மேல் அடங்கா. 'கி' போன்ற உயிர்மெய் 6 பைட்டுகள் கொள்ளும். 'ஸ்ரீ' 12 பைட்டுகள் கொள்ளும். ஒரு குறியீட்டின் நடுவே மடித்தல் கூடாது என வீகார்டு 4.0 வெளிப்படையாக விதித்துள்ளது. இதனைக் கருதாத நிரல்கள் முகவரியின் நடுவே பொருளற்ற குறிகளைத் தோற்றுவிக்கும்.

அகரவரிசையும் இத்தகையதே. யூனிக்கோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன் நிற்கிறது. ஆகவே குறியீட்டு எண்ணை மட்டும் கொண்டு வரிசைப்படுத்தும் கைப்பேசியில் 'அன்பு' முன்னும் 'அப்பர்' பின்னும் வரும். தமிழ் நெடுங்கணக்கின்படி இது தலைகீழ் வரிசையாகும்.

5. நாட்குறிப்பு

நாட்குறிப்பின் சிக்கல் பெயரினும் சிறியது. ஆயினும் ஒருபுடை ஒத்தது. நாள் முழுவதற்கும் உரிய பிறந்தநாளை நள்ளிரவு நேரமாகச் சேமிக்கும் நிரல், இந்தியாவில் பதிந்த நாளைக் குளிர்கால இலண்டனில் முந்தைய நாள் மாலை 6.30 எனக் காட்டும். நாளும் நேரமும் வெவ்வேறு கருத்துகள் என்பதை ஐகேலண்டர் வடிவம் வேறுபடுத்தியிருந்தும் எல்லா நிரல்களும் அதனைப் பின்பற்றவில்லை. ஆண்டுதோறும் வரும் நிகழ்ச்சிகள் கிரிகோரிய நாட்காட்டியையே அடிப்படையாகக் கொண்டிருந்தன. 2015-இல் வந்த விரிவாக்கம் சீன, எபிரேய, எத்தியோப்பிய நாட்காட்டிகள் போன்றவற்றிற்கும் இடம் தந்தது. அது சார்ந்துள்ள பட்டியலில் 1957-இல் இந்திய அரசு ஏற்ற சக ஆண்டு நாட்காட்டி உண்டு. தமிழ் மாதங்களுக்குரிய நாட்காட்டி இல்லை. எனவே திதியால் வரும் நினைவு நாளையும், நட்சத்திரத்தால் வரும் பிறந்தநாளையும் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் பார்த்துக் கையாலேயே பதிய வேண்டியுள்ளது.

6. மொழிபெயர்ப்பாளர் பணி

மென்பொருளின் உள்ளமைப்பை மொழிபெயர்ப்பாளர் மாற்ற இயலாது. ஆனால் கட்டத்தின்மேல் எழுதும் சொல் அவருடையது. அச்சொல்லே பயன்படுத்துவோர் எதை எங்கு இடுவர் என்பதை முடிவு செய்கிறது. ஆங்கில வழக்கின் சுவடு பற்றி 'முதற்பெயர்', 'கடைசிப் பெயர்' என இடும் சொற்கள் இடத்தைக் குறிப்பவை; பணியைக் குறிப்பவையல்ல. 'முதற்பெயர்' என்னும் கட்டத்தைக் கண்ட தமிழர் தம் பெயரில் முதலில் நிற்கும் தலைப்பெழுத்தை அங்கு இடுவதில் வியப்பில்லை. 'இயற்பெயர்', 'தந்தை அல்லது குடும்பப் பெயர்' என்பன இவ்விடர்ப்பாட்டைப் பெருமளவு நீக்கும்.

செயல்முறைச் சொற்களில் கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். சிங்க்எம்எல் நெறியில் ஏழு ஒத்திசைவு வகைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றை 'மெதுவான ஒத்திசைவு' எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வேகம் பற்றிய குறிப்பாகிவிடும். அதன் பொருள் முழு ஒப்பீடு. 'சேவையகத்திலிருந்து புதுப்பித்தல்' எனப்படுவது கைப்பேசியில் உள்ளவற்றை அகற்றிச் சேவையகத்தில் உள்ளவற்றை இடுதல். 'புதுப்பி' என்னும் இனிய சொல்லை நம்பி அழுத்துபவர், கைப்பேசியில் மட்டும் வைத்திருந்த முகவரிகளை இழப்பார். இங்குச் சொல்லின் சுருக்கத்தினும் எச்சரிக்கையே முதன்மை பெற வேண்டும்.

2024-ஆம் ஆண்டு விரிவாக்கம், ஒருவரைக் குறிக்கும்போது பயன்படுத்த வேண்டிய இலக்கணப் பாலைப் பதியவும் இடம் தந்துள்ளது. ஆண், பெண், நடு, பொது, உயிருள்ளது, உயிரற்றது என்பன அதன் மதிப்புகள். இவற்றை ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால், பலர்பால் என நேர்படுத்துவது தவறாகும். தமிழில் 'அழைத்தார்' என்பது ஒருவருக்கே உரிய மரியாதை வடிவம். திணையும் மதிப்பும் சேர்ந்தே வினைமுற்றைத் தீர்மானிக்கின்றன. மரியாதையைக் குறிக்க அப்பட்டியலில் மதிப்பு எதுவும் இல்லை. எனவே தமிழ் இடைமுகத்தில் இம்மதிப்பு எதுவாயினும் ஆர் ஈற்று வடிவையே இயல்பாகக் கொள்வது பொருந்தும்.

7. முடிவுரை

ஒத்திசைவு மென்பொருள் இரு கருவிகளை ஒன்றுபடுத்துகிறது என்பது பொதுவான கருத்து. உண்மையில் அது பெயர் என்றால் என்ன என்னும் ஒரு வரையறையின்கீழ் எல்லாக் கருவிகளையும் கொணர்கிறது. அவ்வரையறை ஒரு பண்பாட்டு வழக்கிலிருந்து பிறந்தது. பின்னர் முழுப்பெயரை முதன்மையாகக் கொள்ளும் திசையில் நகர்ந்துள்ளது. தமிழ்நாடு அரசு 2021-இல் பெயரின் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத ஆணையிட்ட பின்னர், தமிழ்த் தலைப்பெழுத்துகளோடு கூடிய பதிவுகள் பெருக இடமுண்டு. தலைப்பெழுத்துக்குரிய அறை, இடைவெளி நீங்கிய ஒப்பீடு, எழுத்துக் குறியீடுகளின் ஒருமை, நெடுங்கணக்கு வரிசை ஆகிய நான்கும் மொழியியலாளர் விதிகளாக வகுத்துத் தரத்தக்கவை. அவ்விதிகள் கிடைக்கும்வரை பெயரைப் பகுக்காமல் முழுப்பெயராகவே பதியச் செய்வது மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ளத்தக்க பாதுகாப்பான வழியாகும்.