தின்பது வேறு, துப்புரவு வேறு

பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடி பக்கம் வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைக்க விரும்புகிறவருக்குக் கடல் அருகில் இல்லை. பரங்கிப்பேட்டைக் கரை சாலைவழியே நூறு கிலோமீட்டருக்கு மேல். வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்பெற்ற சென்னை கொளத்தூர் அதைவிட இரு மடங்கு தூரம். இவ்வளவு தூரம் போகிறோமே என்று, பாசி தின்னும் நத்தை, மிச்சம் தின்னும் நண்டு, இறால் என்று மொத்தத்தையும் ஒரே நடையில் அள்ளி வரத் தோன்றுவது இயல்புதான். 'இத்தனை லிட்டர் தண்ணீருக்கு இத்தனை நத்தை' என்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கும் அதற்குத் துணை போகிறது. அந்தக் கணக்கை நம்பக் கூடாது என்பதே என் வாதம். துப்புரவு உயிர்களைத் தண்ணீரின் அளவைப் பார்த்து வாங்குவது தவறு. தொட்டியில் என்ன உணவு இருக்கிறது, அடித்தளம் எப்படிப்பட்டது என்பதைப் பார்த்து, கொஞ்சமாக, பல வகையாக, தாமதமாக வாங்க வேண்டும்.

நத்தை பாசியைத் தின்கிறது, ஆனால் பாசியை வளர்த்த சத்தைத் தொட்டியை விட்டு வெளியேற்றுவதில்லை. தின்றதில் பெரும்பகுதி கழிவாகத் திரும்பத் தண்ணீருக்கே போகிறது. அதில் வரும் அம்மோனியாவைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டை உண்டு மறுபடியும் பாசி வளர்கிறது. இந்தச் சுற்றை அறுப்பவை மூன்று: தண்ணீர் மாற்றுவது, பாசியைக் கையால் பறித்து வெளியே போடுவது, தீனியைக் குறைப்பது. பெரம்பலூரின் பாறை நிலத்தில் நான்காவதாகத் தொட்டியைத் தொடங்கும் நீரையும் கவனிக்க வேண்டும். கருங்கல் சிதைந்து கரையும் சிலிக்கா ஆழ்துளைக் கிணற்று நீரில் வரும். புதுத் தொட்டியின் கண்ணாடியில் படியும் டயாட்டம் என்ற பழுப்பு நுண்பாசிக்கு அதுதான் சாப்பாடு. அந்த நீரில் உப்புக் கரைத்துவிட்டு இருபது நத்தையை விட்டால், நத்தைகள் ஓயாமல் தின்னும், படலமும் ஓயாமல் வரும். ஆர்.ஓ. வடிகட்டியோடு அயனி நீக்கும் ரெசினையும் சேர்த்து எடுத்த நீரில் தொடங்கினால் பாதிப் பாசி பிறக்கவே பிறக்காது.

அடித்தளம் ஏன் முக்கியம் என்பதற்குச் சான்று இந்த மண்ணிலேயே கிடக்கிறது. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் ரஞ்சன்குடிக்குத் தெற்கிலும் கிழக்கிலும் கடல் இருந்தது. அந்தக் கடலின் சங்குகளையும் கிளிஞ்சல்களையும் 1860களிலும் 70களிலும் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக வகைப்படுத்தி எழுதினார். அரியலூர் அருகே கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் அடுக்கடுக்காகக் கிடக்கும் கிரிஃபியா சிப்பிக்குக் கீழ் ஓடு கனமானது; மெத்தென்ற கடலடியில் புதையாமல் கிடப்பதற்கேற்ற உடல் அது. அதே பாறையில் கிடைக்கும் ஸ்டிக்மடோபைகஸ் என்ற கடல் முள்ளெலி மணலுக்குள் புகுந்து, அதில் கலந்திருந்த கழிவை உண்டு வாழ்ந்த வகை. பாறையைச் சுரண்டி உண்ணும் முள்ளெலிக்கு அந்த மணலில் பிழைப்பில்லை. தொட்டியிலும் இதே விதிதான். நசாரியஸ் நத்தை மணலில் புதைந்திருந்து, மீந்த தீனியின் வாடை பட்டதும் எழுந்து வரும். அது பாசியைத் தொடாது. மணல் போடாத தொட்டியில் அதற்கு இடமும் இல்லை. செரித் நத்தை மணலையும் கிளறும், பாறையையும் மேயும். கண்ணாடிப் படலத்துக்கு நெரைட் நல்லது, ஆனால் தண்ணீரை விட்டு வெளியே ஏறும் பழக்கம் உண்டு, மூடி வேண்டும். டர்போ பெருந்தீனிக்காரன், சிறு தொட்டியில் சில வாரங்களில் பாசியைத் தீர்த்துவிட்டுப் பட்டினி கிடக்கும். கவிழ்ந்தால் தானாக நிமிர அதற்குக் கஷ்டம். ட்ரோகஸ் எளிதாக நிமிர்ந்துகொள்ளும் என்பதால், இரண்டில் ஒன்று என்றால் என் தேர்வு ட்ரோகஸ்.

நன்றாகத் தின்னும் ஒரே இனத்தை நிறைய விட்டால் போதாதா என்று கேட்கலாம். பவளப் பாறைகளே அதற்குப் பதில் சொல்லியிருக்கின்றன. ஜமைக்காக் கடலில் பாசி தின்னும் மீன்களை அளவுக்கு மீறிப் பிடித்துத் தீர்த்த பிறகு, மேய்ச்சல் முழுவதும் டயடெமா என்ற ஒரே முள்ளெலியின் தலையில் விழுந்தது. 1983-84இல் கரீபியன் முழுக்கப் பரவிய நோயில் அந்த முள்ளெலிகளில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் செத்தன. புயல்களும் சேர்ந்துகொள்ள, 1970களின் இறுதியில் பாதிக்கு மேல் கடலடியை மூடியிருந்த பவளம் 1990களில் ஐந்து சதவீதத்துக்கும் கீழே போனது. அந்த இடத்தைப் பாசி பிடித்தது. ஒரே இனத்தை நம்பியது அத்தனை பெரிய கடலுக்கே தாங்கவில்லை என்றால் நூறு லிட்டர் தொட்டி எப்படித் தாங்கும்?

'நத்தை விலை குறைவுதானே, செத்தால் வேறு வாங்கலாம்' என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சிறு தொட்டியில் கண்ணுக்குத் தெரியாமல் பாறை இடுக்கில் செத்த இரண்டு நத்தைகளே அம்மோனியாவை ஏற்றிவிடும். தவிர, சந்தைக்கு வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை கடலிலிருந்து பிடிக்கப்பட்டவை. பண்ணையில் பிறந்தவை அல்ல. அந்தக் கடலும் எங்கும் அள்ளிக்கொள்ளத் திறந்து கிடக்கவில்லை: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986இலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மணலைச் சுத்தமாக்கும் என்று சொல்லப்படும் கடல் அட்டையைப் பிடிப்பதும் விற்பதும் இந்தியாவில் 2001 முதல் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: மோட்டாரில் சிக்கி அடிபட்டால் அது உமிழும் நஞ்சு தொட்டி மீன்களைக் கொன்றுவிடும். மணல் சலிக்கும் நட்சத்திர மீனும் வேண்டாம். மணலிலுள்ள சிற்றுயிர்களைத் தின்று தீர்த்ததும் அது பட்டினியில் சாகிறது. துறவி நண்டு வேண்டுமானால் ஒன்றிரண்டு போதும், ஆனால் வெவ்வேறு அளவுகளில் காலி ஓடுகள் போட்டு வையுங்கள். வளர்ந்த நண்டுக்கு வீடு கிடைக்காவிட்டால் நத்தையைக் கொன்று அதன் ஓட்டில் குடியேறும்.

வாங்கும் நேரமும் வகை அளவுக்கே முக்கியம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம்; அதற்குப் பிறகு கண்ணில் பாசி பட்ட பின்பே முதல் நான்கைந்து நத்தைகளைக் கொண்டுவரலாம். சித்திரை வெயிலில் பஸ்ஸில் வந்த பையை நேரே தொட்டியில் கவிழ்க்கக் கூடாது. நத்தைக்குத் தன் உடல் உப்பைத் தானே சரிசெய்துகொள்ளும் திறன் இல்லை. மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைப் பையில் கலந்து, ஒரு மணி நேரமாவது பழக்க வேண்டும். மார்கரிட்டா என்ற பெயரில் வருவது குளிர்கடல் நத்தை. நம் ஊர்ச் சூட்டில் பிழைக்காது. கோடையில் ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பில்லாத சுத்த நீரையே ஊற்ற வேண்டும், ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை. மீனுக்கு நோய் என்று தாமிரம் கலந்த மருந்தைத் தொட்டியில் விட்டால் நத்தை, நண்டு, இறால் மூன்றும் போய்விடும். மீனை வேறு தொட்டிக்கு மாற்றித்தான் மருந்து தர வேண்டும். பாசி தீர்ந்த வாரங்களில் காய்ந்த கடற்பாசித் தாளில் சிறு துண்டைக் கல்லில் கட்டி இறக்கினால் நத்தைகள் இரவில் வந்து மேயும். மிச்சத்தை மறுநாள் காலையில் எடுத்துவிடுங்கள்.