தூக்கிய கலப்பை இறங்குகிறதா? பம் வாங்க முதல் இதைப் பாருங்கள்

புதுக்கடை நீதிமன்றத் தொகுதியிலிருந்து பஞ்சிகாவத்தை நடந்து போகும் தூரம். வன்னியிலிருந்து வழக்குத் தவணைக்கு வரும் பலர் இரவு பஸ்ஸில் வெள்ளவத்தையில் வந்திறங்கி, காலையில் நீதிமன்றம், பிற்பகலில் உதிரிப்பாகக் கடை என ஒரே பயணத்தில் இரண்டு அலுவலையும் முடிப்பார்கள். பிள்ளை உள்ளே, வயல் ஊரில். இரண்டையும் பார்க்கத்தானே வேண்டும். உழவு இயந்திரச் சாமான் விற்கும் கடையொன்றில் நான் வேலை செய்கிறேன். காலபோகம் நெருங்கினால் அதிகம் கேட்கும் கேள்வி: "தம்பி, மாஸி பேர்குசனுக்கு ஹைட்ரோலிக் பம் என்ன விலை?"

விலை சொல்ல முதல் நான் கேட்பது: "ஐயா, கலப்பை தூக்கவே இல்லையோ, இல்லாட்டித் தூக்கின பிறகு இறங்குதோ?"

தூக்கவே இல்லையென்றால் முதலில் ஒயில் மட்டத்தையும் பீ.ரீ.ஓ. நெம்பையும் பாருங்கள். 35, 135 போன்ற மாஸிகளில் அந்த நெம்பு விடுபட்டிருந்தால் பம்மே சுழலாது. இந்தச் சின்ன விசயத்துக்காகக் கொழும்பு வரை வந்தவர்களும் உண்டு.

தூக்கிவிட்டு இறங்கினால், அல்லது இயந்திரம் ஓடும்போது கலப்பை தலையாட்டிக்கொண்டே நின்றால், அது கசிவு. பின் அச்சுப் பெட்டிக்குள் ஒயிலில் மூழ்கியபடி இருக்கும் பம், ஒரு செங்குத்துக் குழாய் வழியாக ஆசனத்துக்குக் கீழுள்ள உருளைக்கு ஒயிலைத் தள்ளுகிறது. அங்குள்ள பிஸ்டன் நகர்ந்துதான் லிஃப்ட் கைகள் எழும்புகின்றன. ஒயில் கசியும் இடம் பிஸ்டன் வளையமாக இருக்கலாம், குழாயின் நுனியிலுள்ள ஓ-ரிங் ஆக இருக்கலாம், பம்மின் வால்வாகவும் இருக்கலாம். முதல் இரண்டும் பம்மோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. ஆனால் பலரிடம் விற்கப்படுவது பம்தான்.

எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நடுப்பெட்டியின் பக்க மூடிக்குக் கீழே வரும்வரை ஒயிலை வடித்து, மூடியைக் கழற்றுங்கள். பாரத்தைத் தூக்கி, இயந்திரத்தை நிறுத்தி, ரோர்ச் அடித்துப் பாருங்கள். மேலே உருளையிலிருந்து ஒழுகுகிறதா, குழாயடியிலா, கீழே பம்மிலா என்று கண்ணுக்கே தெரியும். பார்ப்பது மட்டும்தான். கையை உள்ளே விடவேண்டாம், தூக்கிய கலப்பைக்குக் கீழே யாரும் போகவும் வேண்டாம். கழற்றும் வேலை கலப்பையை நிலத்தில் இறக்கிய பிறகு.

1990களில் வன்னிக்கு உதிரிப்பாகங்கள் தடுக்கப்பட்டிருந்தபோது சப்பாத்துத் தோலை வெட்டி வளையமாகப் போட்டு உழுதவர்களை எனக்குத் தெரியும். அது கெட்டித்தனம், மறுக்கவில்லை. இன்று அந்த வேலை தேவையில்லை.

2009க்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கமிருந்து மீட்கப்பட்ட இயந்திரங்களின் கதை வேறு. உப்புக்காற்றிலும் மழையிலும் கிடந்தவற்றின் உருளைச் சுவர் துருவேறிக் குழிகுழியாக இருக்கும். அதில் எத்தனை புது வளையம் போட்டாலும் சில கிழமையில் கிழிந்துவிடும். உள்ளே விரலால் தடவிப் பாருங்கள், நகம் தட்டினால் உருளையையும் பிஸ்டனையும் சேர்த்து மாற்றுங்கள். இங்கே மிச்சம் பிடிப்பது நட்டம். ஒயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, முழுதாக வடித்து மாற்றவேண்டும். எஞ்சினில் கழித்த ஒயிலை ஊற்றும் பழக்கம் எங்கள் ஆட்களை விட்டுப் போகுதில்லை. அது வால்வைத்தான் தின்னும்.

கைகள் பொருந்தும் இடத்தில் வெளியே ஒழுகினால் குறுக்குத் தண்டின் ஓ-ரிங் போதும். தண்டு ஆடினால் புஷ்ஷும் போடவேண்டும். ஜப்பானின் சிறிய குபோட்டா இயந்திரங்களில் லிஃப்ட் மெதுவாக எழும்பினால் முதலில் ஒயில் வடியைக் கழற்றிக் கழுவுங்கள்.

முழு இயந்திரத்தையே மாற்றலாமா என்றும் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் பழையதன் விலையும் ஏறியிருந்தது. எஞ்சினும் கியரும் நல்லதென்றால் லிஃப்டுக்காக மட்டும் இயந்திரத்தை விற்க நான் சொல்லமாட்டேன்.

கொழும்புக்கு வரும்போது பழைய வளையத்தையும் பிஸ்டனையும் எறியாமல் கடதாசியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். இயந்திர இலக்கத்தையும் எழுதி வாருங்கள். மாஸி உருளைகளில் இரண்டரை அங்குலமும் உண்டு, மூன்று அங்குலமும் உண்டு. "135க்கு ஒரு வளையம்" என்று வாயால் கேட்டு வாங்கிப் போனால், பொருந்தாமல் மாற்ற வர இன்னொரு பஸ் காசு.