பெயர்களைக் காக்கும் சுண்ணாம்பு: தெரியுமா?

வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு நூறு வயதான கல் நினைவுச்சின்னத்தைக் காப்பாற்றும். அதே கல்லைச் சீமெந்து கெடுத்துவிடும். தெரியுமா?

நம்பிக்கை வரவில்லையென்றால் உடப்புசல்லாவையின் ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்துப் பாருங்கள். நம் மலைநாட்டுக் கருங்கல்லுக்குள் நீர் எளிதில் இறங்காது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சாந்தின் வழியாகத்தான் உள்ளே போகும்; வெளியே வரவும் அதுதான் வழி. சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுவிடும். பகல் வெயிலில் கல் விரிந்து இரவுக் குளிரில் சுருங்கும்போது தானும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். சீமெந்து விறைத்து நிற்கும். மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்பால் மழையை உள்ளே இழுத்து, வெளியேற விடாமல் அடைத்துவைக்கும்.

மணற்கல், சுண்ணக்கல் போன்ற மென்மையான கல் என்றால் நிலைமை இன்னும் மோசம். சீமெந்து அப்படியே நிற்க, பக்கத்துக் கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும், பொறித்த எழுத்துகளையும் சேர்த்துக்கொண்டு! போர் நினைவுச்சின்னத்தில் பெயர்கள்தானே எல்லாம்? அதனால்தான் சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்று பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். தேய வேண்டியது சாந்து. அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக இடலாம். உதிர்ந்த பெயரை என்ன செய்வது?

இந்த மலைத்தோட்டங்களிலிருந்து போன துரைமார் முதல் உலகப்போரில் கலிப்பொலியில் நின்றார்கள் என்பது தெரியுமா? 1900இல் உருவான இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையின் ஒரு பிரிவு 1914இல் கப்பலேறி எகிப்துக்குப் போனது. அடுத்த ஆண்டு கலிப்பொலியில் தளபதி பேர்ட்வுட்டின் தலைமையகத்துக்குக் காவல் நின்றது! கொழும்பின் போர் நினைவுத்தூணை வரைந்தவர் எட்வின் லட்யென்ஸ். காலிமுகத்திடலில் நின்ற அந்தத் தூணை இரண்டாம் உலகப்போரின்போது கழற்றி, இன்றைய விகாரமகாதேவி பூங்காவில் மீண்டும் எழுப்பினார்கள். அவரே வரைந்த லண்டன் செனட்டாஃப் என்னும் போர் நினைவுச்சின்னம் 1920இல் திறக்கப்பட்டது. அதன் கல் இணைப்புகள் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான்! அதன் பக்கங்கள் நேர்செங்குத்தாகவும் இல்லை. மேல்நோக்கி நீட்டினால் ஏறக்குறைய 1,000 அடி உயரத்தில் ஒன்றுகூடும். பிரான்சின் நெவ் ஷப்பேலில் 1927இல் திறந்த நினைவகத்தில் இந்தியப் படையினர் 4,700க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. ஆனால் இத்தனை கல்லையும் உடைத்தவர், சுமந்தவர், சுண்ணாம்பு நீற்றியவர் பெயர்களை எந்தப் பலகையில் தேடுவது? எனக்கு அது ஆறாத மனக்குறை.

சரி, சுண்ணாம்பின் அதிசயத்துக்கு வருவோம். சுண்ணக்கல்லைச் சுமார் 900 பாகை செல்சியஸில் சுட்டால் 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துபோகும்! மிஞ்சும் 56 கிலோவில் தண்ணீர் ஊற்றினால் புகைந்து கொதித்து மாவாகும். அதைச் சாந்தாக்கிச் சுவரில் இட்டால், பறிகொடுத்த அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி, மறுபடி கல்லாகிவிடும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் ஆழம், அவ்வளவுதான். பொறுமை இல்லாதவர் கைவைக்கக் கூடாத வேலை.

நீற்றி மூன்றாண்டு ஆகாத சுண்ணாம்பைப் பழைய ரோமக் கட்டடச் சட்டம் தடுத்தது என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். ரோமர்களின் கான்கிரீட்டுக் கலவையில் கிடக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் நீர் பட்டதும் கரைந்து, விரிசலைத் தாமே அடைக்கின்றன என்று 2023இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் காட்டினார்கள். சீனர்கள் சுண்ணாம்போடு ஒட்டரிசிக் கஞ்சியைக் கலந்தார்கள். நம்மவர்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை ஊற்றிச் செக்கில் அரைத்தார்கள். 2012இல் தீயில் சிதைந்த சென்னை சேப்பாக்கத்தின் கல்சா மகாலைத் தமிழ்நாட்டுப் பொதுப்பணித்துறை இந்தப் பழைய முறையில்தான் மீட்டெடுத்தது.

நம் பக்கத்திலேயே மூலப்பொருள் கிடக்கிறது, தெரியுமா? கவ்வாத்துக் காலத்தில் தேயிலை மண்ணின் புளிப்பை அடக்கப் போடும் டொலமைட், சுண்ணக்கல்லின் உடன்பிறப்பு! மாத்தளையிலும் திகன பக்கத்திலும் அதை வெட்டி எடுக்கிறார்கள்; சுடும் சூளைகளும் உண்டு. ஆனால் ஓர் எச்சரிக்கை: டொலமைட்டிலுள்ள மக்னீசியம் மிக மெதுவாகவே நீறும். அவசரப்பட்டால், பூசி முடித்த பிறகு உள்ளேயிருந்து வீங்கிப் பெயர்த்துவிடும். நீண்ட நாள் ஊறவே வேண்டும்.

வேலைக்கு ஏற்ற காலம் எது? வடகீழ்ப் பருவமழையில் புதுச்சாந்து கரைந்து ஓடும். தை, மாசியில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனி, காயாத சாந்துக்குள் இருக்கும் நீரையும் உறையவைத்து உதிர்த்துவிடும். ஆடி, ஆவணிக் காற்றோ உடப்புசல்லாவைத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தருவது. சாந்தையோ மேல்தோலோடு உலர்த்தி வெடிக்க வைக்கும். எனவே அந்த மாதங்களில் வேலை செய்தால் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் ஈரம் காக்க வேண்டும். மழை குறையாத மூலையென்றால் செங்கல் தூள் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். பழைய சீமெந்தை எடுக்க மேசன் பாஸ்மார் கிரைண்டரைத் தொடவே கூடாது! உளியும் சுத்தியலும் போதும். இணைப்பின் அகலத்தைப் போல் இருமடங்கு ஆழம் சுரண்டி, தண்ணீர் தெளித்து, பிறகுதான் சாந்தைத் திணிக்க வேண்டும்.

கலவை அளவு தெரியவில்லையா? பழைய சாந்தில் ஒரு துண்டை ஆய்வுகூடத்தில் நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும்; மணல் மட்டும் அடியில் தங்கும். அந்த மணலின் நிறத்தையும் பருமனையும் பார்த்து, அன்றைய மேசன் எடுத்ததைப் போன்ற மணலைப் பக்கத்து ஆறுகளில் தேடலாம்.