மன்னிப்பும் நீதியும்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆலயங்களில் செபிக்க வந்தோர் குண்டுகளுக்கு இரையாயினர். ஏப்ரல் 26 இரவு, கல்முனையை அடுத்த சாய்ந்தமருதில், தாக்குதல் குழுத் தலைவனின் உறவினர் தங்கியிருந்த வீட்டிலும் குண்டுகள் வெடித்தன, குழந்தைகளும் மாண்டனர். அவ்வீட்டைப் பற்றி முதலில் தகவல் தந்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. நம் சினம் இதை எளிதில் மறந்துவிடுகிறது.

மறு ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியில், தாக்கியோரை மன்னித்துவிட்டதாகக் கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டகை அறிவித்தார். எனினும் உண்மையும் நீதியும் வேண்டுமென்ற கோரிக்கையை அவர் கைவிடவில்லை. ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்டபோது, கணக்கு வைப்பதையே விடச் சொன்னார் ஆண்டவர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இதை எடுத்துரைக்க எனக்கு நா எழாது. ஆனால் ஒன்றையும் இழக்காத நாம், கடைத்தெருவில் முஸ்லிம் அயலவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டோமே, அது யார் பொருட்டு?