வண்டியின் வயது என்ன?

கன்னியாகுமரிக்கு வடகிழக்கே சுமார் ஆறு கிலோமீட்டர் தொலைவில், கடலை ஒட்டி நிற்கிறது வட்டக்கோட்டை. பெயரில்தான் வட்டம் இருக்கிறது, கோட்டையோ நாற்கோணம். உள்ளே மீன் சின்னம் செதுக்கிய கற்களைக் காணலாம். அவற்றைக் கண்டவுடனே, "இது பாண்டியர் கட்டியது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆனால் இன்று நாம் காணும் கோட்டைக்கு உருவம் கொடுத்தவர் டிலன்னாய். 1741-ஆம் வருஷம் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்ம மகாராஜாவிடம் சிறைப்பட்டு, பின்னர் அவருடைய சேனைக்கே தலைவராக உயர்ந்த டச்சுக் கம்பெனி அதிகாரி அவர். பெயரையும் சின்னத்தையும் மட்டும் நம்பினால் வயது தவறிவிடும் என்பதற்கு இக்கோட்டையே சாட்சி.

பழைய மோட்டார் வண்டியின் விஷயமும் இப்படித்தான். "இது 1928 மாடல்", "இது 1960 மாடல்" என்று சொந்தக்காரர் பெருமையுடன் சொல்வார். எப்படித் தெரியும் என்று கேட்டால், தகப்பனார் சொன்னார் என்பார். அல்லது முகப்பிலுள்ள சின்னத்தைக் காட்டுவார். முன்பெல்லாம் இது வெறும் பெருமைப் பேச்சு. இப்பொழுது சட்டமே வயதைக் கேட்கிறது.

2021-ஆம் வருஷம் மத்திய சர்க்கார் பழமை வாகனங்களுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. முதன்முதல் பதிவான நாளிலிருந்து ஐம்பது வருஷங்களுக்கு மேலான இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் இந்த வகுப்பில் சேரும். இவற்றின் எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் இருக்கும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பதிவு பத்து வருஷம் செல்லும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பழுதுபார்த்தல் முதலிய காரியங்களுக்குத்தான் வண்டியை வீதியில் ஓட்டலாம், வாடகைக்கு ஓட்டக்கூடாது. அடிச்சட்டம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாறுதல் எதுவும் செய்திருக்கவும் கூடாது. ஆகவே வயதைக் கூட்டிச் சொல்வதும் குறைத்துச் சொல்வதும் இனி வெறும் வாய்ப்பேச்சாகாது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வண்டிக்கு ஒரு வருஷம் அல்ல, மூன்று வருஷங்கள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வருஷம் ஒன்று. தொழிற்சாலை அதற்குச் சூட்டிய மாடல் வருஷம் ஒன்று. சர்க்கார் புத்தகத்தில் பதிவான வருஷம் ஒன்று. அமெரிக்கக் கம்பெனிகள் அடுத்த வருஷத்து மாடலை முந்தின வருஷத்தின் பிற்பகுதியிலேயே விற்பனைக்கு விடுவது வழக்கம். அந்த வண்டி கப்பலேறி இந்தியா வந்து, விலைபோய், பதிவாவதற்குள் இன்னொரு வருஷமும் பிறந்துவிடலாம். மூன்றும் ஒத்துப்போக வேண்டுமென்ற கட்டாயமில்லை. எந்த வருஷத்தைச் சொல்கிறோம் என்று தெளிந்து சொன்னால் பாதிச் சச்சரவு தீர்ந்துவிடும்.

நம் தேசத்தில் உருவான அம்பாஸடர் வண்டியையே எடுத்துக்கொள்வோம். வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை, இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி இதை 1957-இல் செய்யத் தொடங்கி, 2014 வரை செய்தது. இத்தனை காலமும் உடலமைப்பு அநேகமாக அதேதான். ஆகவே தோற்றத்தை நம்பி ஏமாறுவது சுலபம். 1962-இல் முகப்பில் சிறு கட்டங்கள் கொண்ட கிரிலுடன் மார்க் 2 வந்தது. 1975-இல் மார்க் 3. 1979-இல் மார்க் 4. ஆனால் கிரில் என்பது சில திருகாணிகளில் நிற்கும் பொருள். விபத்தில் நசுங்கினால் கடையில் கிடைத்ததை மாட்டிக்கொள்வார்கள். மார்க் 3 முகத்துடன் நிற்பது உள்ளபடியே மார்க் 2 ஆக இருக்கலாம். ஐம்பது வருஷ எல்லை 1970-களில் வந்து நிற்கும் இந்நாளில் அந்த வேற்றுமை அற்பமானதல்ல.

என்ஜினும் முழுச் சாட்சியாகாது. தொடக்கத்து அம்பாஸடர்களில் பக்கவால்வு என்ஜின் இருந்தது. 1959-இல் அதன் இடத்தில் 1489 கன சென்டிமீட்டர் மேல்வால்வு என்ஜின் வந்தது. பெட்ரோல் செலவுக்கு அஞ்சிப் பின்னாளில் டீசல் என்ஜின் பொருத்திக்கொண்டவர்களும் அநேகர்.

அயல்நாட்டு வண்டியில் வேறொரு கண்ணி இருக்கிறது. ஃபோர்டு 'மாடல் டி' 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் உற்பத்தியாயிற்று. அதன் என்ஜின் எண்ணைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் பட்டியல்கள் உண்டு. ஆனால் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்து நாடுகளுக்கு ஃபோர்டு வண்டிகள் பெரும்பாலும் கனடாவிலிருந்தே வந்தன; கனடாவின் எண்வரிசை வேறு, முன்னால் 'சி' என்ற எழுத்தும் இருக்கும். அமெரிக்கப் பட்டியலில் கனடா எண்ணைத் தேடுவது, பக்கத்து ஊர்ப் பட்டாவில் நம் வயலைத் தேடுவது போலாகும்.

அப்படியானால் வழி என்ன? பல சாட்சிகளை விசாரிப்பதே வழி. அடிச்சட்ட எண், என்ஜின் எண், வார்ப்பு உறுப்புகளிலுள்ள தேதிக் குறிகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். லூகாஸ் கம்பெனியின் பழைய மின்சார உறுப்புகளில் மாதமும் வருஷமும் முத்திரையிட்டிருப்பதுண்டு. வண்டியோடு பிறந்த உறுப்புகளுள் கடைசியாகச் செய்யப்பட்டது எதுவோ, அதற்கு முன்னால் வண்டி பிறந்திருக்க முடியாது. இதுவே கணக்கின் அஸ்திவாரம். ஒன்று மட்டும் வெகுவாகப் பிந்தியிருந்தால், அது இடையில் மாற்றப்பட்டதா என்று ஆராய வேண்டும்.

நாஞ்சில் நாட்டார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்ததல்ல. திருவிதாங்கூரையும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்திருந்தது. பழைய ரசீதுகளில் கொல்லம் ஆண்டு காணலாம். அது ஆவணியாகிய சிங்க மாதத்தில் பிறப்பது. 1104 சிங்கம் என்றால் 1928 ஆகஸ்டு. 1104 மீனம் என்றால் 1929 மார்ச்சு. மாதம் பாராமல் எல்லாவற்றுக்கும் 825-ஐக் கூட்டினால் வண்டிக்கு ஒரு வயது பிசகிவிடும்.

பழைய வண்டி வைத்திருப்போர் செய்யவேண்டியது அதிகமில்லை. துருப்பிடித்த எண்பலகையை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அதன்மேல் வர்ணம் பூசாதீர்கள். பெட்டியடியிலுள்ள ரசீதையும், பதிவுப் புத்தகத்தையும், கல்யாணப் படத்தில் பின்னால் நிற்கும் வண்டியின் எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். நிச்சயமாகத் தெரியாத வருஷத்தைத் துணிந்து எழுதாமல், "1958-க்கும் 1960-க்கும் இடையில்" என்று எழுதுவதில் அவமானம் ஒன்றுமில்லை. இளமையாகக் காட்டிக்கொள்ள மனிதர் வயதைக் குறைக்கிறார்கள், வண்டிக்கோ கூட்டுகிறார்கள். இரண்டிலும் உண்மை சொல்வதே கௌரவம்.